கரண்ட் வந்த வேகத்தில் வாஷிங் மெஷின் போர்டு போய்விட்டது. வாரண்டி கிடையாது என்கிறார்கள், என்ன செய்வது?

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

19 மாதங்களுக்கு முன் 31,000 ரூபாய் கொடுத்து ஒரு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு முழு வாரண்டி, மோட்டாருக்கு மட்டும் பத்து ஆண்டு. போன மாதம் ஒரு மாலை, மழைக்கு நடுவே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. இவர் கொல்லையில் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியிருக்கிறார். நாலைந்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. கூடத்தில் டியூப் லைட் கண்ணைக் கூசும்படி எரிந்ததாம், ஃபேன் வழக்கத்துக்கு மாறாக வேகமெடுத்ததாம். மெஷினிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், லேசான கருகல் வாசனை, அதோடு சரி. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு டிவியும் போய்விட்டது. எதிர் வீட்டிலோ லைட் மங்கி மங்கி எரிந்திருக்கிறது. மறுநாள் காலை லைன்மேன் வந்து போஸ்ட்டில் ஏறி ஏதோ இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தெருவில் இரண்டு மாதமாகவே லைட் மினுக்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் ஈ.பி. ஆபீஸில் புகார் கொடுத்திருந்தார் என்பதையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

சர்வீஸ் சென்டர் டெக்னீஷியன் வந்தார். மல்டிமீட்டர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிருக்கு, வோல்டேஜ் பிரச்சினை, வாரண்டில வராது" என்று சொல்லி 7,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்து, ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். "சுவிட்சை அணைக்காமப் போனது உன் தப்புதான்" என்கிறார் மாமியார். லோக்கல் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்கிறார் கணவர். வாசகி கேட்பது இதுதான்: கரண்ட் போய் வருவதைக்கூடத் தாங்காத மெஷினை விற்றது கம்பெனியின் தவறில்லையா? பத்து ஆண்டு வாரண்டி என்று சொன்னது பொய்யா? பக்கத்து வீட்டு டிவி போனதைக் கம்பெனியிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியார் சொன்னதற்குப் பதில். உங்கள் மேல் தவறில்லை. ஓடுகிற மெஷின் பக்கத்திலேயே நின்று காவல் காக்க வேண்டும் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை, எந்தச் சட்டமும் எதிர்பார்ப்பதில்லை. சுவிட்சை அணைத்திருந்தால் போர்டு தப்பித்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் கவனக்குறைவு என்று சொல்வது வேறு. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கரண்ட் கட் ஆனதால் மெஷின் போய்விட்டது" என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தைப் புகாரிலும் எழுதினால் வழக்கு அங்கேயே சறுக்கும். மின்தடையைத் தாங்கும்படிதான் வாஷிங் மெஷினை வடிவமைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே வரும் வால்வு மின்சாரம் இருந்தால்தான் திறக்கும், கரண்ட் போன கணமே மூடிக்கொள்ளும். அதனால் தொட்டி நிரம்பி வழியாது. வடிகால் பம்ப் நின்றுவிடும், தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். எந்தக் கட்டத்தில் நின்றோம் என்பதை போர்டில் உள்ள நினைவகச் சில்லு குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் சில மாடல்கள் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும், சில மாடல்கள் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கில் இந்தச் சில்லு எதுவும் கிடையாது. அதன் டைமர் சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கில் ஓடுவதால், கரண்ட் இல்லாதபோதும் டிக் டிக் என்று நேரம் கழிந்துகொண்டே இருக்கும். துணி பாதிதான் துவைத்திருக்கும், டைமர் முடிந்திருக்கும். அவ்வளவுதான் தொல்லை.

மறுநாள் கதவைத் திறந்ததும் தண்ணீர் கூடம் வரை ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். பல ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் கதவுப் பூட்டு மின்சூட்டில் இயங்குகிறது. கரண்ட் போய் ஓரிரு நிமிடத்தில் சூடு ஆறியதும் பூட்டு விட்டுவிடும், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காது. கண்ணாடி வழியே தண்ணீர் தெரிந்தால் கதவைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினின் கீழ் மூலையில் இருக்கும் சிறிய மூடியைத் திறங்கள். அதற்குள் ஃபில்டர் இருக்கும், பல மாடல்களில் பக்கத்திலேயே ஒரு குட்டிக் குழாயும் இருக்கும். அடியில் ஒரு தட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வடியுங்கள். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

சரி, மெஷினைக் கொன்றது எது?

அன்று மாலை தெருவில் நடந்தது

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "எங்க வீட்டுல லைட் பளிச்சுனு எரிஞ்சுது, எதிர் வீட்டுல மங்கலா எரிஞ்சுதாம்." இந்த மாதிரி வழக்குகளுக்காக மின்பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவத்தில் சொல்கிறேன், நியூட்ரல், அதாவது வீட்டிலிருந்து மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுந்தாலோ அதன் இணைப்பு தளர்ந்தாலோ தெரியும் அடையாளம் இது.

தெருப் போஸ்ட்டில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கும், அப்போது வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 240 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருப்பதோ 415 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் தங்களுக்குள் அந்த 415-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏசி, மோட்டார் என்று அதிகம் ஓடுகிற வீட்டில் வோல்டேஜ் விழும், குறைவாக ஓடுகிற வீட்டில் ஏறும். ஒரு வீட்டில் மங்கல், எதிர் வீட்டில் பளிச். இரண்டு மாதமாக லைட் மினுக்கியது, மறுநாள் லைன்மேன் போஸ்ட்டில் ஏறியது எல்லாமே இதோடு பொருந்துகிறது.

போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக, பெரும்பாலும் நீல நிறத்தில், வட்டமாக ஒரு பாகம் இருக்கும். வேரிஸ்டர் என்பார்கள். இடி, மின்னல் சமயத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் மின்னெழுச்சியை அது விழுங்கிவிடும். ஆனால் 300 வோல்ட்டுக்கு மேல் சில விநாடிகள் விடாமல் நின்றால் தாங்காது. சூடேறி வெடிக்கும், கூடவே ஃபியூஸ் போகும். நீங்கள் கேட்ட 'டப்' சத்தம் அதுவாக இருக்கலாம். இது என் ஊகம்தான், போர்டைத் திறந்து பார்த்தால்தான் உறுதி. ஈரம் படாமல் இருக்கப் பல போர்டுகளின் மேல் பிசின் ஊற்றியிருப்பார்கள் என்பதால், சும்மா எட்டிப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான், மீட்டர்கூட வைக்காமல் "வோல்டேஜ் பிரச்சினை" என்று ஒரு டெக்னீஷியன் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனதை நான் ஏற்கவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

கம்பெனியிடம் கேட்க வேண்டியது

நீங்கள் அனுப்பிய வாரண்டி அட்டையின் படத்தைப் பார்த்தேன். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் அடங்காது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்த நிபந்தனை செல்லாது என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பொதுவாக அது செல்லும். ஆனால் விதிவிலக்கைக் காட்டித் தப்பிக்க நினைப்பவர்தான் அது இங்கே பொருந்துகிறது என்பதைக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

பத்து ஆண்டு வாரண்டி பொய்யில்லை, ஆனால் அது மோட்டாருக்கு மட்டும். போர்டு இரண்டு ஆண்டு முழு வாரண்டியில்தான் வரும். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள் இருக்கிறீர்கள், இன்னும் சில மாதம்தான் மீதி. ஆகவே இன்றே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். எந்தப் பாகம் எப்படிப் பழுதானது, வோல்டேஜ்தான் காரணம் என்று எதை வைத்து முடிவுசெய்தார்கள், போர்டின் படம் எங்கே என்று கேளுங்கள். உங்களிடம் கையெழுத்து வாங்கிய ஜாப் ஷீட்டின் நகலையும் கேளுங்கள். அதில் "வாடிக்கையாளர் மறுத்தார்" என்றோ "வோல்டேஜ் சேதத்தை ஒப்புக்கொண்டார்" என்றோ எழுதியிருக்கக் கூடும். அப்படி இருந்தால், படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று அதே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஸ்டெபிலைசர் தேவையே இல்லை" என்று கடைக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும். எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் மெஷின் ஓடும் என்று கையேட்டில் எண் போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தபோதே போர்டு போயிருந்தால் கம்பெனி தப்பிக்க முடியாது. எல்லையைத் தாண்டிப் போயிருந்தால், ஸ்டெபிலைசர் வேண்டாம் என்ற பேச்சு உங்களைக் காப்பாற்றாது. கடையில் தனியாகப் பணம் கட்டி நீட்டிப்பு வாரண்டி எதுவும் எடுத்தீர்களா என்று பில்லோடு இருக்கும் தாளையும் பாருங்கள். அப்படிப்பட்ட சில திட்டங்களில் வோல்டேஜ் சேதமும் அடங்கும்.

டிவி போனதை மறைக்கலாமா?

வேண்டாம். உங்கள் கேள்வியில் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டு டிவியும் போனது என்று சொன்னால், "பார்த்தீர்களா, வோல்டேஜ்தான்" என்று கம்பெனி பிடித்துக்கொள்ளும். ஆனால் அது தெருவுக்கே தெரிந்த விஷயம். பின்னால் வெளியே வந்தால் உங்கள் பேச்சு முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கம்பெனிக்கு எதிரான வழக்கைப் பலவீனமாக்கும் அதே தகவல்தான், உங்களுக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது.

மின்வாரியத்தின் பொறுப்பு

2024-இல் மின்வாரிய அமைப்பு மாறி, இப்போது விநியோகத்தைப் பார்ப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எதுவானாலும், வீட்டுக்கு வரும் மின்சாரம் 240 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பதே விதி. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 226-லிருந்து 254 வோல்ட் வரை.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. லைட் பளிச்சென்று எரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் பணம் தந்துவிட மாட்டார்கள். பணித்தரத்துக்கென மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள இழப்பீடு, சேவை தாமதமானால் தரும் சிறு தொகை. எரிந்துபோன பொருளின் விலை அதில் வராது. அதற்குக் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். மழையில் கிளை விழுந்து கம்பி அறுந்தது, இயற்கை என்று அவர்கள் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அந்தப் பதில் எடுபடாமல் போகக்கூடிய ஒரு ஆதாரம் இருக்கிறது. இரண்டு மாதமாக லைட் மினுக்குகிறது என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகார். தளர்ந்த இணைப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லியும் சரிசெய்யவில்லை என்றால் இயற்கையின் மேல் பழிபோட முடியாது. அந்தப் புகாரின் எண்ணையோ குறுஞ்செய்தியையோ இன்றைக்கே அவரிடம் வாங்கி வையுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் பேசியிருந்தால் பதிவு இருக்கும்.

அப்புறம், பாதிக்கப்பட்ட வீடுகள் எல்லாம் சேர்ந்து பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு கூட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மனுவில் தேதி, நேரம், எந்த வீட்டில் பளிச், எந்த வீட்டில் மங்கல், எந்தெந்தப் பொருள் போனது என்று அத்தனையும் இருக்கட்டும். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். அந்த நாளில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் பகுதியில் பதிவான பழுது என்ன, மறுநாள் என்ன வேலை செய்தார்கள், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வந்த புகார்கள் எவை என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். போஸ்ட்டில் ஏறிய லைன்மேனை வம்புக்கு இழுக்காதீர்கள். அவர் வந்து சரிசெய்த பதிவுதான் உங்களுக்குச் சாட்சி.

அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மின்சாரம் வழங்குவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'தான் என்பதால், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

நுகர்வோர் ஆணையம்

"31,000 ரூபாய் மெஷினுக்கு யார் வக்கீல் வைப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வக்கீல்தான், சொல்கிறேன், வைக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். பழுது ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. சோதித்துப் பார்க்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் போர்டு விஷயத்தில் இது கைகொடுக்கலாம். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கம்பெனி, மின் பகிர்மானக் கழகம் இருவரையும் ஒரே மனுவில் சேர்த்தால், ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டி வழக்கு இழுபடும். என் யோசனை, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கம்பெனி மேல் புகார் பதியுங்கள். செலவில்லாத வழி அது. பல நேரம் போர்டை இலவசமாகவோ பாதி விலைக்கோ மாற்றித் தர அங்கேயே ஒப்புக்கொள்வார்கள். வோல்டேஜ்தான் காரணம் என்று கம்பெனி எழுத்தில் விளக்கமாகச் சொன்னாலும் நல்லதுதான், அந்தக் கடிதத்தையே மின்வாரியத்துக்கு எதிரான மனுவில் இணைக்கலாம். எப்படியும் ஒரு தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். கேட்கிற தொகை பழுதுச் செலவு, இடையில் துணி துவைக்க ஆன செலவு, நியாயமான ஒரு மன உளைச்சல் தொகை என்று இருக்கட்டும். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கேட்டால் உண்மையான குறையும் விளையாட்டாகத் தெரியும்.

இப்போதைக்கு மெஷின்

கணவர் சொல்கிற மெக்கானிக்கை இப்போது கூப்பிட வேண்டாம். வெளியாள் திறந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லியே வாரண்டியை மறுப்பார்கள், ஆதாரமும் கலைந்துவிடும். மின்னஞ்சல் அனுப்பி 15 நாள் பாருங்கள். பதில் வராவிட்டால், இன்ன தேதியில் என் செலவில் சரிசெய்யப் போகிறேன், தொகையைக் கேட்டுப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டுச் சரிசெய்யலாம். வழக்கு முடியும்வரை கையால் துவைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழைய போர்டை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கழற்றும்போது வீடியோ எடுத்து, ஒரு கவரில் போட்டு, பில்லோடு வையுங்கள். சர்வீஸ் சென்டரே எடுத்துப் போனால் பாகத்தின் எண்ணோடு ரசீது வாங்குங்கள்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் இனி பிரச்சினை வராது என்று கணவர் நினைக்கிறார். உங்கள் மெஷினில் ஹீட்டர் இருக்கிறது, அது ஓடும்போது 2,000 வாட் அளவுக்கு இழுக்கும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. ரிலே வைத்த சாதாரண ஸ்டெபிலைசரும் நியூட்ரல் போகும்போது வரும் வோல்டேஜுக்கு ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்குத் தேவை, வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டித்து, சீரான பிறகு சில நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். மெயின் போர்டிலேயே பொருத்தினால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காவல். புது போர்டு மாட்டுவதற்கு முன்னால் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்து, மீட்டர் போர்டில் நியூட்ரல் முனை இறுக்கமாக இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டு வயரிங்கில்தான் கோளாறு என்று நாளை யார் சொன்னாலும் காட்ட அந்தத் தாள் வேண்டும்.